18ஆம் திகதித் தானத்துக்கு நான் போகலாமா?

கேள்வி:

அன்புள்ள அக்கா, எனக்கு 28 வயது. வெள்ளவத்தையில் அம்மாவுடன் இருக்கிறேன். கோட்டையில் ஒரு தனியார் கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை. பக்கத்து மேசையில் இருக்கும் சிங்களத் தோழி ஐந்து வருடமாக எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. அவளுடைய அப்பா இராணுவத்தில் இருந்தவர். 1996 ஜூலை 18இல் முல்லைத்தீவு முகாம் தாக்கப்பட்டபோது காணாமல் போனார். அப்போது அவள் தாய் வயிற்றில். ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் கம்பஹாவில் அவர்கள் வீட்டில் அவர் நினைவாகப் பிக்குமாரை அழைத்துத் தானம் கொடுப்பார்கள். இந்த முறை என்னையும் கூப்பிட்டாள், சரி என்றுவிட்டேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, 2009 மே மாதம் வட்டுவாகலில் படையினரிடம் போனவர். பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு தகவலே இல்லை. அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அங்க போய்க் கிரிபத் சாப்பிடப் போறியோ?" போனால் அது மாமாவுக்குச் செய்யும் துரோகமா? போவதென்றால் பொட்டோடு போகலாமா?

— வெள்ளவத்தை வாசகி

பதில்:

பிள்ளை, முதலில் அந்தக் கிரிபத்தைப் பற்றி, சிங்களவர் நல்ல காரியங்களுக்குச் செய்யும் அந்தப் பாற்சோற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2009 மே மாதம் உங்களுக்கு 11, 12 வயது இருந்திருக்கும். யுத்தம் முடிந்தது என்று அறிவித்ததும் கொழும்புத் தெருக்களில் வெடி, கொடி, கிரிபத். எங்கள் ஒழுங்கைக்கும் ஒரு தட்டு வந்தது. கொண்டுவந்தவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். வாழையிலையில் சாய்சதுரமாக வெட்டிய நாலு துண்டு, பக்கத்தில் கொஞ்சம் லுனுமிரிஸ் சம்பல். அதைக் குசினி மேடையில் வைத்தேன். பின்னேரம் வரை அப்படியே கிடந்து ஓரம் காய்ந்து வெடித்தது. சோறல்லவா, கொட்ட மனம் வரவில்லை. வன்னியிலிருந்து ஒரு அழைப்பு வராதா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்த நாள் அது. உங்கள் அம்மாவுக்கும் அன்று அப்படியொரு தட்டு வந்திருக்கும். அவர் கேட்டது உங்கள் தோழியின் அப்பாவைப் பற்றியல்ல, அந்தத் தட்டைப் பற்றி.

நீங்கள் போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்குக் காரணம் கொள்கை ஒன்றுமில்லை, எனக்கு நடந்த ஒரு விஷயம்தான்.

1996 ஜனவரி 31, மத்திய வங்கியில் குண்டு வெடித்த நாள். 90 பேருக்கு மேல் செத்தார்கள். கண்ணாடி பறந்து கண் போனவர்கள் ஏராளம். என் வேலையிடம் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. எங்கள் கந்தோரில் தட்டச்சுச் செய்த ஒரு சிங்களப் பெண் அந்த நேரம் பார்த்துத் தபால் போட வெளியே போயிருந்தார். அவருக்கு இடது கண் போனது. நான் பொட்டை அழித்துவிட்டுக் காலி வீதியால் நடந்தே வீடு வந்தேன். அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஒரு தமிழ்ப் பெண் அந்த வாட்டுக்குள் எப்படி நுழைவது, அவருடைய வீட்டார் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று நாள் கடத்தினேன். இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தவர் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டார்: "ஏன் வரவில்லை?" நான் யோசித்த அரசியல் எதுவும் அந்தப் பெண்ணின் கணக்கிலேயே இல்லை. சிநேகிதி வரவில்லை, அவ்வளவுதான். இப்போதும் எனக்கு அதற்குப் பதில் இல்லை.

துரோகமா என்று கேட்கிறீர்கள். முல்லைத்தீவு நகரத்திலிருந்து வட்டுவாகல் பாலம் சில கிலோமீட்டர்தான். அந்தத் துண்டு நிலத்தில், 13 வருட இடைவெளியில், உங்கள் இரண்டு வீட்டு ஆண்களும் காணாமல் போயிருக்கிறார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் காணாமற்போனோர் பட்டியலில் 16,000க்கு மேற்பட்ட பெயர்கள். அதில் 5,000க்கு மேல் பாதுகாப்புப் படையினர். நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் சொல்லப் பிடிக்காது. ஆனால் இரண்டும் சமம் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் சீருடை போட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு சண்டைக்குப் போனவர். மற்றவர் சண்டை முடிகிற நேரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு போனவர். பஸ்ஸில் ஏற்றியவர்களுக்கு எங்கே இறக்கினார்கள் என்று சொல்லும் கடமை இருக்கிறது. 2016இல் சட்டம் போட்டு, பிறகு காணாமற்போனோருக்கென்று அலுவலகம் திறந்து, காணவில்லை என்பதற்கு ஒரு சான்றிதழும் கொடுக்கிறார்கள். பதில்தான் வரவில்லை. தோழி வீட்டில் ஒரு நேரம் சாப்பிடுவதால் அந்தக் கேள்வியை நீங்கள் விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

அம்மா விஷயம் கஷ்டம். "அவர்களுக்கும் இழப்புத்தானே அம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையாக இருக்கலாம், ஆனால் தம்பியைத் தேடி ஆணைக்குழு ஆணைக்குழுவாக அலைந்தவரிடம் சொல்லும் வார்த்தை அல்ல. கந்தோருக்குப் போகிறேன் என்று பொய்யும் வேண்டாம். எத்தனை மணி ரயில், எப்போது திரும்புவேன் என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள். வந்து அவராகக் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். ஆடி அமாவாசையும் வருகிறது. "மாமாவுக்கும் ஒருக்கா எள்ளுத் தண்ணி இறைப்பமே" என்று யாராவது சொந்தக்காரர் ஆரம்பித்தால் நீங்கள் அம்மா பக்கம் நில்லுங்கள். திதி கொடுத்தால் செத்துவிட்டார் என்று தானே கையெழுத்துப் போட்டதாகிவிடும் என்று நினைக்கும் அம்மாமார் எத்தனையோ பேர்.

தானத்தில் என்ன நடக்கும் என்று தெரியாமல் போய் முழிக்க வேண்டாம். பெரும்பாலும் சோறும் கறியும்தான். ஹாமுதுருமார், அதாவது பிக்குமார், சாப்பிட்டு முடித்து ஓதும்போது, வீட்டார் ஒரு சிறு கேத்தலிலிருந்து கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். கிண்ணம் நிரம்பிக் கீழ்த்தட்டில் வழியும்வரை ஊற்றுவார்கள். புண்ணியம் போனவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று அர்த்தம். கேத்தலில் ஆளாளுக்கு ஒரு கை வைப்பார்கள், உங்களையும் கூப்பிடுவார்கள். வையுங்கள். மனதில் யாரை நினைத்தீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

எங்கும் ஒரு சித்தப்பா இருப்பார், "நாமெல்லாம் ஒன்றுதானே நங்கி, இப்போது பிரச்சினை எதுவும் இல்லையே" என்று ஆரம்பிப்பார். அவரோடு விவாதம் பண்ணவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். எழுந்து குசினிக்குப் போய்த் தோழியின் அம்மாவுக்குக் கோப்பை கழுவிக் கொடுங்கள். நீங்கள் பார்க்கப் போனது அவரைத்தான்.

வெள்ளை உடுப்பு, கொஞ்சம் பழம் போதும். பொட்டு வைத்துக்கொண்டே போங்கள்.