பழைய போன்கள் அப்படியே இருக்கட்டும்

கேள்வி: வணக்கம் சார். எங்கள் அரிசி மில்லில் பழைய இன்டர்காம் பெட்டியும் எட்டு போன்களும் இருக்கின்றன. ஆபீஸ், எடைமேடை, பாய்லர், குடோன் எல்லாம் அதில்தான் பேசிக்கொள்கிறோம். இப்போது ஃபைபர் இணைப்பு வாங்கிவிட்டோம். இன்டர்நெட் வழியாகப் பேச வேண்டுமென்றால் எல்லாப் போன்களையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்கிறார் கடைக்காரர். வேறு வழி இல்லையா?
- வாசகர், நீடாமங்கலம்

பதில்: இருக்கிறது. ஒரு போனைக்கூட மாற்ற வேண்டாம். அரவை ஓடும்போது செல்போன் அடிப்பது யார் காதில் விழும்? பழைய போன் மணிதான் விழும், அதை ஏன் விட வேண்டும்?

மாற வேண்டியது இன்டர்காம் பெட்டிக்குள் வரும் வெளி லைன் மட்டும்தான். முதலில் உங்கள் ஃபைபர் மோடத்தின் பின்பக்கம் பாருங்கள். டெல் அல்லது போன் என்று எழுதிய சின்னத் துளை இருந்து, இணைப்பு கொடுத்தவர் அதில் எண்ணை ஏற்றித் தந்தால், அங்கிருந்து ஒரு வயரை இன்டர்காமின் வெளி லைன் முனைக்குக் கொடுத்தால் போதும். துளை இல்லையென்றால், இன்டர்நெட் பேச்சைப் பழைய போன் லைனாக மாற்றித் தரும் ஏடிஏ என்கிற அடாப்டர் வேண்டும். கடையில் எஃப்எக்ஸ்எஸ் போர்ட் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், டயல் டோனும் மணி அடிக்கும் மின்சாரமும் தருவது அதுதான். எஃப்எக்ஸ்ஓ என்பது லைனை வாங்கிக்கொள்ளும் போர்ட், அதை மட்டும் வாங்கி வந்தால் உங்களுக்குப் பயன்படாது.

பழைய செம்புக் கம்பியை முழுக்கக் கழற்றிவிட்டுத்தான் அடாப்டரை மாட்ட வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும் கம்பியில் செருகினால் அடாப்டர் போய்விடும். எதிர்முனையில் போனை வைத்த பிறகும் லைன் பிஸியாகவே நின்றால், அழைப்பு முடிந்தது இன்டர்காமுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அடாப்டரில் அதற்கான டிஸ்கனெக்ட் அமைப்பு இருக்கும், டெக்னீஷியனிடம் சொல்லிப் போடச் சொல்லுங்கள். அடாப்டரோடு வந்த பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் எவனோ உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிவிடுவான்.

அப்புறம் கரண்ட். செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சே மின்சாரம் கொடுத்தது. இனி மோடம், அடாப்டர், இன்டர்காம் மூன்றையும் இன்வெர்ட்டரில் போட்டே ஆக வேண்டும். 2018 கஜாவுக்குப் பிறகு நம் டெல்டாவில் கரண்ட் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். குடோனுக்கு வெட்டவெளியில் வயர் போயிருந்தால், ஐப்பசி இடிமழைக்கு முன்பே இரண்டு முனையிலும், மின்னலால் வயரில் திடீரெனப் பாயும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் போட்டுவிடுங்கள்.

பழைய எண் வேண்டுமென்றால் லைனை அவசரப்பட்டு சரண்டர் செய்யாதீர்கள். அதே எண்ணைப் புது இணைப்புக்கு மாற்றித் தர முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் பாத்திரக் கடையில் அப்பா காலத்து வட்ட டயல் போன் இருக்கிறது. அதுவும் வேலை செய்யுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம். எண் சுழற்றுவதில்தான் சிக்கல், அது பல்ஸ் முறை, பல அடாப்டர்களுக்குப் புரியாது. பல்ஸ் டயலிங் ஏற்கும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள் அம்மா.