பயோபிரிண்டிங்கும் ஏஐயும்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருந்து வந்த கேள்விங்க

பயோபிரிண்டிங் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துட்டேன். பயோபிரிண்டிங்னா, உயிருள்ள செல்லை ஜெல் மாதிரி ஒரு இங்க்ல (பயோஇங்க்) கலந்து, நாசில்ங்கற சின்ன முனை வழியா இழை இழையா பிழிஞ்சு, லேயர் லேயரா அடுக்கி உடம்புத் திசு மாதிரி செய்யறது.

சார், பயோபிரிண்டிங்ல அப்படி என்ன வீணாகுது? ஏஐ அதுல எங்க வருது? (பயோடெக் மாணவி, ஓசூர்)

சிரிஞ்சு, நாசில், கிளவுஸ்னு பிளாஸ்டிக் குப்பை கண்ணுக்குத் தெரியும்மா, ஆனா என்னைக் கேட்டா பெரிய நஷ்டமே ஃபெயிலான பிரிண்ட்தான். வாரக்கணக்குல வளர்த்த செல்லு, அது வளர ஊத்தின சீரம் (மாட்டுக் கருவோட ரத்தத்துல இருந்து எடுக்கறது, விலையும் ஜாஸ்தி), ராத்திரி பகலா 37 டிகிரில ஓடின இன்குபேட்டர் கரண்ட், எல்லாம் சேர்ந்து ஆட்டோகிளேவ்ல (கிருமியைக் கொல்ற பெரிய பிரஷர் குக்கர் மாதிரி மெஷின்) வெந்து குப்பைக்குப் போகுது.

ஏன் ஃபெயில் ஆகுதுன்னா, பிரஷரை ஏத்தினா இழை நல்லா வரும், ஆனா நாசிலுக்குள்ள உரசி செல்லு செத்துடும். குறைச்சா செல்லு பொழைக்கும், இழை விட்டு விட்டு வரும். பிரஷர், வேகம், சூடு, நாசில் சைஸ்னு நாலு விஷயம், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு அளவுன்னு வச்சாலே 625 காம்பினேஷன் ஆகிடும், எல்லாத்தையும் யாரு பிரிண்ட் பண்ணிப் பார்க்கறது? இங்கதான் பேயிஸியன் ஆப்டிமைசேஷன்னு ஒரு ஏஐ முறை வருது, முன்னாடி வந்த ரிசல்ட்டை எல்லாம் வச்சு அடுத்து எந்த செட்டிங்கைப் போட்டா பிரயோஜனம்னு அது சொல்லும், அதனால ரொம்ப கம்மி பிரிண்ட்லயே நல்ல செட்டிங் சிக்கிடும். இன்னொண்ணு கேமரா. இழை தொங்குதா, அறுந்துச்சான்னு முதல் லேயர்லயே கண்டுபிடிச்சு நிறுத்திட்டா மிச்ச இங்க் தப்பிச்சுது.

தம்பி, பட்டுக்கூட்டுல உடம்பு பாகம் பிரிண்ட் பண்றாங்களாமே, தர்மபுரி மார்க்கெட்ல ரேட் ஏறுமா? (விவசாயி, பாலக்கோடு)

ஏறாதுண்ணே. அதை நம்பி கூட்டை வித்துடாம வச்சிருக்காதீங்க, ஆராய்ச்சிக்கு வேணுங்கறது கிலோ கணக்குலதான்.

ஆனா விஷயம் உண்மைதான். கூட்டை சோடியம் கார்பனேட் தண்ணில வேகவச்சா மேல இருக்கற பசை (செரிசின்) போயிடும், மிச்சம் இருக்கற ஃபைப்ராயினை (பட்டு நூலோட புரதம்) லித்தியம் புரோமைடுங்கற உப்புக் கரைசல்ல கரைச்சு, உப்பு போக தண்ணியை மாத்தி மாத்தி சுத்தம் பண்ணினா இங்க் ரெடி. எப்படியும் கரைக்கப்போறோம், அதனால நீளமா நூல் வரணும்னு அவசியமே இல்ல, பூச்சி வெளிய வந்து ஓட்டை விழுந்த கூடு கூட ஆகும், நீங்க மட்ட விலைக்குத் தள்ளறீங்களே அதேதான். தொல்லை என்னன்னா ஜாஸ்தி நேரம் வெந்தா ஃபைப்ராயின் சங்கிலி துண்டு துண்டாகி இங்க் தண்ணியாயிடும், பேட்சுக்கு பேட்சு வேற மாதிரி வரும். வேகற நேரம், சூடு, இங்க்கோட கெட்டித்தன்மை இதையெல்லாம் எழுதி வச்சு ஒரு ஏஐ மாடலுக்குக் கொடுத்தா, பிரிண்ட் பண்றதுக்கு முன்னாடியே இந்த பேட்ச் தேறுமான்னு சொல்லிடும். லித்தியம் புரோமைடும் அவ்வளவு தண்ணியும் ஒண்ணும் சுற்றுச்சூழலுக்கு நல்லதில்லங்கறதையும் சொல்லிடறேன், பட்டுன்னாலே பசுமைன்னு எழுதறவங்க இதை மட்டும் விட்டுடறாங்க.

ஏஐக்கே கரண்ட் அள்ளிட்டுப் போகுதே?

சாட்பாட் மாதிரி பெரிய மாடலுக்குத்தான் அந்தக் கதை. இங்க இருக்கறது சில நூறு வரி டேட்டா, சாதா லேப்டாப்லயே ஓடும். லேப்ல கரண்ட் குடிக்கறது சாம்பிள் வைக்கற மைனஸ் 80 டிகிரி ஃபிரீசர், பழசா இருந்தா ஒரு வீட்டுக்கு ஆகறதை அது ஒண்ணே இழுக்கும். தாங்கற சாம்பிளுக்கு மைனஸ் 70ல வச்சாலே நல்லா குறையும், அதுக்கு ஏஐ எதுக்கு?

மாம்பழக்கூழ் ஃபேக்டரில மிஞ்சற தோல் இந்த இங்க்குக்கு ஆகுமா? (காவேரிப்பட்டணம்)

தோல்ல பெக்டின் (ஜாமைக் கெட்டியாக்கற பொருள்) இருக்கு, பெக்டினை வச்சு பயோஇங்க் பண்ற ஆராய்ச்சியும் நடக்குது. ஆனா செல்லோட சேர்க்கற அளவுக்கு சுத்தம் பண்றதுதான் செலவு. இப்போதைக்கு மாட்டுத்தீவனம்தான் லாபம்.

எங்க காலேஜ்ல ஃபண்டு இல்ல, ஸ்டூடண்ட்ஸை வச்சு எதுல ஆரம்பிக்கலாம்? (ஆசிரியர், கிருஷ்ணகிரி)

செல்லு வேணாம் சார், இங்க் மட்டும் போதும். சாதாரண 3டி பிரிண்டர்ல சிரிஞ்சு மாட்டற டிசைனை கார்னகி மெலன் யுனிவர்சிட்டிக்காரங்க இலவசமாவே வெளியிட்டிருக்காங்க. ஆல்ஜினேட் (கடல்பாசில இருந்து எடுக்கற ஜெல் பொருள்) வாங்குங்க, கால்சியம் குளோரைடு தண்ணி பட்டதும் கெட்டியாகிடும். நாசில்ல இருந்து இழை விழறதை ஃபோன்லயே வீடியோ எடுத்து, பைத்தான் புரோகிராம்ல இழையோட அகலத்தை அளக்கச் சொல்லுங்க. முக்கியமா கெட்டுப்போன பிரிண்ட் எந்த செட்டிங்ல கெட்டுச்சுன்னு விடாம எழுதச் சொல்லுங்க, பசங்க நல்லா வந்ததை மட்டும்தான் எழுதுவாங்க, மாடலுக்கு ரெண்டும் வேணும்.