தமிழ் நோட்டுக்கு எங்கே இடம்?

அன்புள்ள அக்கா,

நாங்கள் ரங்கூனில் நாலாவது மாடியில் இருக்கிறோம். 12 அடி அகலம், 50 அடி நீளம், ஒரே நீட்டு வீடு. மகள் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். மகன் இந்த ஜூனில் கேஜி சேர்கிறான். மாமியாரும் எங்களோடுதான். ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறந்த முதல் வாரமே வீடு தலைகீழாகிவிடுகிறது. லுங்கி காயாது, செருப்பில் ஒன்று கிடைக்காது, புத்தகம் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். மாமியார் பழைய நோட்டு எதையும் எடைக்குப் போட விடமாட்டார். கோவிலில் சனி, ஞாயிறு தமிழ் வகுப்பு உண்டு. அந்த நோட்டுதான் எப்போதும் காணாமல் போகிறது. ஒரு அலமாரி வாங்கிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். எனக்கோ, தமிழ் வகுப்பை இந்த ஒரு வருஷம் நிறுத்தினால் கொஞ்சம் மூச்சு விடலாமோ என்றிருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, ரங்கூன்

அன்புத் தங்கைக்கு,

அலமாரியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். தமிழ் வகுப்பை நிறுத்தாதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன், ஆனால் முதலில் ஈரத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் வீட்டைக் கலைத்துப் போடுவது பிள்ளைகள் இல்லை, மழைதான்.

தமிழ்நாட்டிலும் ஜூனில்தான் பள்ளி திறக்கிறது, ஆனால் அங்கே துணி வெயிலில் காய்ந்துவிடும். நமக்குப் பள்ளியும் மழையும் கைகோத்து வருகின்றன. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வது நமக்கு இந்த மூன்று மாதத்திலேயே வந்துவிடும். இதை நினைக்காமல் வாங்கும் எந்த அலமாரியும் உள்ளே பூஞ்சை பூத்துத்தான் நிற்கும். நீட்டு வீட்டில் நடுப்பகுதிக்கு ஜன்னல் கிடையாது. அலமாரியைக் கொண்டுபோய் வைப்பதோ சரியாக அங்கேதான்.

அதனால் முதல் வேலை, துணி காய ஒரு வழி. தெருப் பக்கமும் அடுப்படிப் பக்கமும்தான் காற்று. அது வீட்டின் நீளத்துக்கு ஓடும். மூங்கிலைக் குறுக்கே கட்டினால் ஈரத் துணியே திரை போல மறித்துவிடும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, நீளவாக்கில் கட்டுங்கள். பிள்ளைக்கு மூன்று செட் சீருடை இருக்கட்டும்: ஒன்று உடம்பில், ஒன்று மூங்கிலில், ஒன்று மடிப்பில். சீருடையின் புதுப் பச்சை லுங்கியைப் பள்ளி திறப்பதற்கு முன்பே இரண்டு மூன்று தடவை தனியாக அலசிவிடுங்கள். ஈரப் பச்சையும் வெள்ளைச் சட்டையும் ஒரே வாளியில் கிடந்தால் என்ன ஆகும் என்று ஒரு ஜூன் மாதத்தில் நான் அழுதுகொண்டே கற்றுக்கொண்டேன். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது இஸ்திரி போட்டுவிடுங்கள், காலைக்கென்று வைக்காதீர்கள்.

வாசலில் ஒரு பழைய தகர ட்ரேயில் செருப்பு, அதற்கு மேலே ஆணியில் குடை. ஈரம் அந்த இடத்தைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. டிபன் கேரியர் மட்டும் நேரே அடுப்படிக்குப் போக வேண்டும். பைக்குள் ராத்திரி முழுக்க மூடிக்கிடந்த கேரியரைத் திறந்து பார்த்திருப்பீர்கள்.

சரி, இப்போது தமிழ் நோட்டு. என் வீட்டில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். மகளின் தமிழ் நோட்டைச் சாமி மாடத்தில் வைத்தேன். மரியாதையான இடம், தொலையாது என்று நினைத்தேன். தொலையவில்லைதான். ஆனால் அதை யாரும் எடுக்கவும் இல்லை. குளிக்காமல் தொடாதே, எண்ணெய் படும், விளக்கு சாயும் என்று நானே விரட்டிக்கொண்டிருந்தேன். வருஷம் முடிந்து எடுத்துப் பார்த்தால் அட்டை முழுக்கப் புகைக் கறுப்பு, உள்ளே நாலே பக்கம். பர்மியப் பாட நோட்டும் கணக்கு நோட்டும் அவள் கைபட்டே கிழிந்து கிடந்தன. அந்த நாலு பக்கம் இன்றும் என் மனதை விட்டுப் போகவில்லை.

பள்ளி நோட்டுகள் இருக்கும் அதே தட்டில், நடுவில் வையுங்கள் தமிழ் நோட்டை. தனி மரியாதை வேண்டாம். தினமும் கை படுகிற இடம் போதும். 1960களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, இங்கே தமிழ் பிழைத்தது கோவில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும்தான். ஊருக்குக் கப்பல் ஏறியவர்கள் போக, இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் அம்மாவிடமும் ஆத்தாவிடமும் எழுத்துப் படித்தார்கள். ஒரு வருஷம்தானே என்று விட்ட வீடுகளை எனக்குத் தெரியும். திரும்பத் தொடங்கிய வீடு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. நிறுத்துவதற்குப் பதில் பாரத்தை வேறு தோளுக்கு மாற்றுங்கள்.

அந்தத் தோள் உங்கள் மாமியார். பள்ளிப் பாடத்தில் அவரால் உதவ முடிகிறதோ இல்லையோ, தமிழ் நோட்டை அவர் பொறுப்பில் விடுங்கள். விளக்கு வைத்த பிறகு பத்து நிமிஷம், பேத்தி வாசிக்க அவர் கேட்கட்டும். சனிக்கிழமை காலை நோட்டைப் பைக்குள் வைப்பதும் அவர் வேலை. நீங்கள் அதில் தலையிடவே வேண்டாம். அவர் தூக்கிப் போட விடாத பழைய நோட்டுகளும் வீணில்லை. எழுதாத தாள்களை மட்டும் பிரித்து, கோணி ஊசியால் நடுவில் தைத்தால் எழுதிப் பழக ஒரு நோட்டு ஆகிவிடும். மீதியை அவர் கையாலேயே எடைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுப்பார்.

அப்புறம் ஒன்று. சின்னவனுக்குப் பள்ளியில் பர்மியப் பெயர் ஒன்று பதிந்திருப்பீர்கள், நம்மில் நிறைய வீடுகளில் அப்படித்தான். ஐந்து வயதுப் பிள்ளை ஒரே நாளில் இன்னொரு பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழக வேண்டும். பள்ளி நோட்டுகளில் அந்தப் பெயர் இருக்கட்டும். தமிழ் நோட்டில் வீட்டில் கூப்பிடுகிற பெயரைத் தமிழில் எழுதுங்கள். அவன் விரலைப் பிடித்து மாமியாரே எழுத வைக்கட்டும், கோணினாலும் பரவாயில்லை. பிளாஸ்டிக் உறை போடுவதற்கு முன்னாலேயே, அட்டை மேலேயே எழுதிவிடுங்கள். உறையின் மேல் எழுதினால் முதல் மழையிலேயே அழிந்துவிடும்.

அன்புடன்,
அக்கா