எட்டுப் புயல் வந்த ஆண்டு தப்பினோம், ஐந்து வந்த ஆண்டு மாட்டினோம்

மாரி தொடங்கும் முன், நம் திருகோணமலைப் பக்கத்து ஆட்களைப் புயல்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

"சேர், ஒரு வருசம் புயலுக்கு மேல புயல், அடுத்த வருசம் ஒன்றுமில்லை. ஏன் இப்படி?" (உப்புவெளி)

வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து சூறாவளிகள். 2019இல் எட்டு. 2022இல் மூன்றுதான். இந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கு பசிபிக்கிலிருந்து வருகிறது. அதன் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்தால் லா நினா, சூடானால் எல் நினோ. லா நினா ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் சுறுசுறுப்பாக இருக்கும், எல் நினோ ஆண்டுகளில் பொதுவாக அடங்கும். இந்து சமுத்திரத்துக்கும் சொந்தமாக ஓர் ஊஞ்சலாட்டம் உண்டு. 2019இல் அதன் மேற்குப் பக்கம் அளவுக்கு மீறிச் சூடாகி, அரபிக் கடலிலேயே ஐந்து புயல்கள் எழுந்தன. வழக்கமாக அங்கே ஒன்று வந்தால் வங்கக் கடலில் நான்கு வரும்.

இனிக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். அந்த எட்டில் ஒன்றும் திருகோணமலையில் ஏறவில்லை. 2020இல் வந்தவை ஐந்தே, சராசரி ஆண்டு. அந்த ஐந்தில் கடைசியான புரெவி டிசம்பர் 2 இரவு, நமக்குச் சற்று வடக்கே, குச்சவெளிப் பக்கம் கரை கடந்தது. கடல் முழுவதற்குமான எண்ணிக்கையை வைத்து நம் வீட்டுக் கூரைக்குச் சாத்திரம் சொல்ல முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

"அப்படியென்றால் லா நினா வந்தால் நமக்குப் புயல் என்று எடுக்கலாமா?" (அதே தம்பி, விடவில்லை)

ஆசை காட்டும் கணக்குத்தான். 1964 டிசம்பரில் நம் வடபகுதியை ஊடறுத்துப் போய்த் தனுஷ்கோடியை அழித்த புயல், 2000 டிசம்பர் 26இல் திருகோணமலைக்கு அருகே ஏறிய புயல், 2020இன் புரெவி: மூன்றுமே லா நினா ஆண்டுகள். ஆனால் மட்டக்களப்பைச் சிதைத்த 1978 நவம்பர் சூறாவளி வந்தபோது பசிபிக் இரண்டு பக்கமும் சாயாமல் இருந்தது. 2010இல் லா நினா வலுவாக இருந்தும் நமக்குச் சூறாவளி இல்லை. பதிலாக 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் வெறும் மழையிலேயே மூழ்கியது. நாலைந்து புயலை வைத்துச் சட்டம் எழுதக்கூடாது. வாய்ப்புக் கூடும், அவ்வளவுதான்.

(டிசம்பர் 26 என்றதும் எல்லோரும் சுனாமியைத்தான் சொல்வார்கள். அதற்குச் சரியாக நான்கு ஆண்டு முன், அதே தேதியில் வந்த புயலை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.)

"கணினி மொடல்கள் 2100ஆம் ஆண்டைப் பற்றிச் சொல்கின்றன. அடுத்த டிசம்பரைச் சொல்ல முடியாதா?" (கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி, மகள். இரண்டும் வேறு வேலை. தாயக்கட்டையை ஆயிரம் முறை உருட்டினால் எந்த எண் எத்தனை தரம் விழும் என்று சொல்லிவிடலாம். அடுத்த உருட்டலில் என்ன விழும் என்று சொல்ல முடியாது. காலநிலை மொடல், கட்டையின் ஒரு பக்கம் மெல்லக் கனக்கிறதா என்று பார்ப்பது. வானிலை மொடல் அடுத்த உருட்டலைப் பிடிக்கப் பார்ப்பது. தொடக்க அளவீட்டில் உள்ள சிறு பிழையும் நாளுக்கு நாள் பெருகுவதால், அதற்குச் சில நாட்களுக்கு மேல் கண் தெரியாது. அமெரிக்க வானிலை அறிஞர் எட்வேட் லோரன்ஸ் 1960களில் காட்டிய சங்கதி இது. அதனால்தான் ஒரே மொடலைத் தொடக்கத்தைச் சற்றுச் சற்று மாற்றிப் பல தடவை ஓட்டுகிறார்கள். பாதைகள் விசிறிபோல் விரிந்தால் சந்தேகம், ஒட்டிக்கிடந்தால் துணிவு.

இன்னொரு தடை, கட்டத்தின் அளவு. மொடல் உலகைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஒரே கணக்குத்தான் போடும். பழைய உலக மொடல்களில் ஒரு கட்டம் சுமார் 100 கிலோமீற்றர். அதாவது இங்கிருந்து வவுனியா தாண்டும் வரை ஒரே காற்று, ஒரே மழை! புயலின் கண்ணோ சில பத்துக் கிலோமீற்றர்தான். 25 கிலோமீற்றர்க் கட்டம் வந்த பிறகுதான் மொடலுக்குள் புயல் புயலாகத் தெரிகிறது. அதற்கும் கடும் புயலின் உச்சக் காற்றைப் பிடிப்பது கஷ்டமே.

"சூடு கூடினால் புயலும் கூடுமா அண்ணன்?" (கிண்ணியா)

எண்ணிக்கை கூடும் என்று மொடல்கள் சொல்லவில்லை. உலக அளவில் அப்படியே இருக்கலாம், குறையவும் செய்யலாம். வருபவற்றில் கடுமையானவற்றின் பங்கு கூடும். மழையும் கூடும்: காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 வீதம் அதிக நீராவியைத் தாங்கும். கிண்ணியாவுக்கு நான் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2025 நவம்பரில் வந்த டிட்வா, காற்றுக் கணக்கில் பெரிய சூறாவளி அல்ல. மலைநாட்டில் கொட்டிய மழைதான் ஆட்களைக் கொன்றது. அந்தத் தண்ணீர்தான் மகாவலி வழியாக வெருகல், மூதூர்ப் பக்கம் இறங்கியது.

"எங்களுக்குக் கடல் ஏறாது, துறைமுகம் ஆழம் என்கிறார்களே?" (வள்ளக்காரர், சல்லி)

பாதி உண்மை, ஐயா. ஆழமற்ற கடலில்தான் காற்று தள்ளும் நீர் போக இடமின்றி மேலேறும். 1970இல் வங்காளக் கரையில் மூன்று இலட்சம் பேருக்கு மேல் மாண்டது அப்படித்தான். நம் துறைமுகத்தை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்குள் கடலடிப் பள்ளத்தாக்கே இருக்கிறது, அந்த அளவுக்கு நீர் இங்கே குவியாது. ஆனால் அலைக்கும் காற்றுக்கும் ஆழக் கணக்கு இல்லை. வள்ளத்தை மேலே இழுத்துத்தான் வையுங்கள்.

"ஆடி, ஆவணியில் கச்சான் காற்று இவ்வளவு அடிக்குது, அப்போது ஏன் சூறாவளி இல்லை?"

அந்தக் காற்றேதான் காரணம். கீழே மேற்கிலிருந்தும், மேலே கிழக்கிலிருந்தும் அடிப்பதால் எழும் முகில் கோபுரம் நிமிர முடியாமல் சரிந்துவிடும்.

"பெயரை யார் வைக்கிறார்கள்?"

இந்தப் பக்கத்து 13 நாடுகள் கொடுத்த பட்டியல். புரெவி மாலைதீவு தந்தது. இலங்கை தந்ததில் ஒன்று 2022 மே மாதத்து அசனி. இடிக்குத் தமிழிலும் பழைய பெயர் அசனிதான். அது ஆந்திராப் பக்கம் போய்த் தேய்ந்தது.