கூடாரத்தைப் பிரித்து வையுங்கள்

கேள்வி: ஐரோப்பாவில் ரோமா (ஜிப்சி) குடும்பங்களில் கைக்குழந்தைகள் சாவது அதிகம் என்று படித்தேன். அவ்வளவு வசதியான நாடுகளில் இருந்துகொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கூடாரம் அடித்துத் திரிந்தால் அரசாங்கம்தான் என்ன செய்யும்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முதலில் அந்தக் கூடாரத்தைப் பிரித்து வையுங்கள். ரோமாக்கள் ஊர் ஊராகப் போகக்கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா தடை போட்டார். 1958-இல் செக்கோஸ்லோவாக்கியா அதற்கென்று தனிச் சட்டமே போட்டது. இன்று ஸ்லோவாக்கியாவிலும் செர்பியாவிலும் பெரும்பாலான ரோமாக்கள் தலைமுறைகளாக ஒரே இடத்தில்தான் கிடக்கிறார்கள். அது என்ன மாதிரி இடம் என்பதுதான் விஷயம். 9 நாடுகளில் எடுத்து, 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை வெளியிட்ட கணக்கின்படி, ரோமாக்களில் மூன்றில் ஒருவர் வீட்டுக்குள் குழாய் கிடையாது. (தண்ணீருக்கு அவர்கள் மொழியில் இன்றும் 'பானி'தான். இந்தியாவிலிருந்து போய் ஆயிரம் வருஷம் ஆகியும் சொல் தங்கிவிட்டது, தண்ணீர்தான் வீடு வந்து சேரவில்லை.) புட்டியைக் கழுவுவதும் பால்பவுடர் கரைப்பதும் வெளியிலிருந்து தூக்கிவந்த தண்ணீரில் என்றால், பச்சைக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வர வேறென்ன வேண்டும்?

ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்பதும் தப்பு. செர்பியாவில் யுனிசெஃப் துணையோடு ரோமா குடியிருப்புகளில் மட்டும் தனியே கணக்கெடுத்தார்கள். 2014 கணக்கில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 19 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் அது 6. பிரசவத்தன்று கட்டில் கிடைத்தால் போதுமா? அதற்கு முந்தைய மாதங்களில் வயிற்றுக்கு என்ன கிடைத்தது? கையில் காசில்லாத வீட்டில் பசியை ரொட்டியும் உருளைக்கிழங்கும் அடக்கிவிடும், இரத்தசோகையை அடக்காது. சிசுவின் முதுகுத்தண்டு மூடுவது முதல் மாதத்திலேயே. அதற்கான ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் அதற்கு முன்பே உடம்பில் இருக்க வேண்டும். நாலாம் மாதம் டாக்டரைப் பார்த்து வாங்கினால் அந்த வேலைக்கு உதவாது.

அவர்கள் பக்கம் குறையே இல்லையா? இருக்கிறது. அதே கணக்கெடுப்பில், பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு 18 வயதுக்குள் கல்யாணம். தானே வளர்ந்து முடியாத உடம்பு, பிள்ளையோடு சோற்றைப் பங்கு போடுகிறது. கர்ப்ப காலத்தில் புகைக்கும் வழக்கமும் உண்டு. எடை குறைந்த குழந்தைக்கு அதுவும் ஒரு காரணம்.

டாக்டரிடம் தயங்குகிறார்கள் என்றால் அதற்கும் கதை இருக்கிறது. 2000-இல் ஸ்லோவாக்கியாவில் 20 வயது ரோமாப் பெண் ஒருத்தி பிரசவ வலியில் இருக்கும்போது கையெழுத்து வாங்கி, சிசேரியனோடு சேர்த்துக் கருத்தடையும் செய்துவிட்டார்கள். எதில் கையெழுத்துப் போட்டோம் என்று அவளுக்குத் தெரியாது. 2011-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்தது. பக்கத்துச் செக் நாட்டிலும் இப்படி நடந்தது. அங்கே கருத்தடை செய்யப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 3 லட்சம் கொருனா (செக் நாணயம்) இழப்பீடு தர 2021-இல்தான் சட்டம் போட்டார்கள்.

அரசாங்கம் என்ன செய்யும் என்றுதானே கேட்டீர்கள்? ருமேனியா 2002-இல் ஒன்று செய்தது. ரோமாப் பெண்களையே பயிற்சி கொடுத்து, குடியிருப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே சுகாதார இடையாளராக அமர்த்தியது. செர்பியாவும் 2008-இல் அதைத் தொடங்கியது. எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்குக் காப்பீட்டு அட்டை இல்லை, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி பாக்கி என்று அந்த இடையாளருக்குத் தெரியும். கூடவே போய் டாக்டர் முன்னால் உட்காருவாள். குழாய் போடுவது மட்டும் அவள் கையில் இல்லை, நகராட்சி கையில் இருக்கிறது.