பிரஸ் மீட் வைக்கும் முன் மகஜரைப் படியுங்கள்

கேள்வி: என் அண்ணன் ஒரு பேரூராட்சியின் தலைவர். கட்டட வரைபட அனுமதிக்காக 40,000 ரூபாய் லஞ்சம் வாங்கினார் என்று லஞ்ச ஒழிப்புத் துறையினர் கைது செய்தார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறார். புகார் கொடுத்தவர் முன்பு கைமாற்றாக வாங்கிய பணத்தைத்தான் திருப்பிக் கொடுத்தார். அவர் அதைப் பற்றிப் பேசிய போன் பதிவும் எங்களிடம் இருக்கிறது. தொலைக்காட்சிகளோ தீர்ப்பே எழுதிவிட்டன. ஓர் இணையதளம் அண்ணியின் படத்தைப் போட்டு, பினாமி சொத்து என்று எழுதியிருக்கிறது. பிரஸ் மீட் வைத்துப் பதிவை வெளியிடுங்கள், அவதூறு வழக்குப் போடுங்கள் என்கிறார்கள் கட்சிக்காரர்கள். எங்கள் வழக்கறிஞர் வாயே திறக்கக் கூடாது என்கிறார். பேசாமல் இருந்தால் ஊர் நம்பிவிடாதா?

பதில்: நம்பத்தான் செய்யும். பாதி ஊர் ஏற்கெனவே நம்பியிருக்கும். ஆனால் உங்கள் அண்ணனை விசாரிக்கப் போவது ஊர் அல்ல, ஒரு சிறப்பு நீதிபதி. அவர் முன் வைக்கப்படுபவை ஆவணங்களும் சாட்சிகளும் மட்டுமே.

2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு ஊழல் வழக்கை நினைத்துப் பாருங்கள். அரசுக்கு 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பு என்ற எண்ணைத் தெரியாத ஆளே அப்போது நாட்டில் இல்லை. தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த ஆ. ராசா 2011 பிப்ரவரியில் கைதாகி 15 மாதங்கள் சிறையில் இருந்தார். 2014 மக்களவைத் தேர்தலில் நீலகிரியில் தோற்றார். அதே ஆண்டில் அவரே சாட்சிக் கூண்டில் ஏறி, சி.பி.ஐ.யின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார். 2017 டிசம்பர் 21 அன்று நீதிபதி ஓ.பி. சைனி எல்லோரையும் விடுவித்தார். சட்டப்படி ஏற்கத்தக்க ஆதாரத்தோடு யாராவது வருவார்களா என்று ஏழு ஆண்டுகள் காத்திருந்தும் ஒருவரும் வரவில்லை என்றும், வதந்தியில் பிறந்த பொதுக் கருத்துக்கு நீதிமன்றத்தில் இடமில்லை என்றும் தீர்ப்பில் எழுதினார். 2019-இல் அதே நீலகிரியில் ராசா வென்றார். அந்தத் தீர்ப்பும் இறுதியானதல்ல, சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை டெல்லி உயர்நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றது.

மக்கள் நம் பக்கம் நின்றாலும் இதே கதைதான். அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கிய வழக்கில் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதா 2001-இல் கட்சியைப் பெரும் வெற்றிக்கு இட்டுச் சென்று முதலமைச்சர் ஆனார். மக்கள் தீர்ப்பு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. செப்டம்பரில் அந்த நியமனத்தையே ரத்து செய்தது. டான்சி வழக்கிலிருந்து அவர் விடுபட்டது மேல்முறையீட்டில், சட்ட வாதத்தால்.

இனி உங்கள் வழக்குக்கு வருவோம். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்களே, டம்ளரில் இளஞ்சிவப்புத் தண்ணீர், அதைப் பார்த்துத்தான் ஊர் முடிவு கட்டியிருக்கும். நோட்டில் பினாப்தலீன் பொடி தடவியிருப்பார்கள். அதைத் தொட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நிறம் மாறும். அந்த நிறம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கை அந்த நோட்டைத் தொட்டது. லஞ்சமாகக் கேட்டாரா என்பதை அது சொல்லாது. கேட்டதும் வாங்கியதும் இரண்டுமே நிரூபிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு நீரஜ் தத்தா வழக்கில் 2022 டிசம்பரில் உறுதிப்படுத்தியிருக்கிறது. அந்த இரண்டும் நிரூபணமானால், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு உங்களுக்கு எதிராகத் திரும்பும். அது லஞ்சம்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் அண்ணனின் பொறுப்பாகிவிடும்.

ஆகவேதான் உங்கள் வழக்கறிஞர் சொல்வதில் முக்கால் பங்கை ஏற்கிறேன், கால் பங்கை ஏற்கவில்லை. ஊடகத்திடம் பேசக் கூடாது, சரி. ஆனால் இந்த வகை வழக்கில் முழு மௌனமும் ஆபத்து. பிடிபட்ட உடனே சொன்ன விளக்கத்துக்கு நீதிமன்றம் தரும் மதிப்பு, இரண்டு ஆண்டு கழித்துச் சாட்சி விசாரணையின்போது முளைக்கும் விளக்கத்துக்குக் கிடைக்காது. எனவே முதல் வேலை, பணம் கைப்பற்றியபோது எழுதிய மகஜரின் நகலைப் படிப்பது. கைமாற்றுப் பணம் என்று அண்ணன் அங்கேயே சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் அதில் ஒரு சொல்லும் மாறாமல் கடைசி வரை நிற்க வேண்டும். சொல்லவில்லை என்றாலோ, சொன்னதை அவர்கள் எழுதவில்லை என்றாலோ, வழக்கறிஞர் மூலம் விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். புரோநோட்டு இருக்கிறதா, வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்த தேதி இருக்கிறதா, கொடுத்ததைப் பார்த்த ஆள் இருக்கிறாரா என்று தேடுங்கள். பழைய தேதியிட்டு இப்போது ஒரு புரோநோட்டு தயாரிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்த ஆளை வீட்டுப் பக்கமே விடாதீர்கள்.

பிரஸ் மீட்டில் நடப்பது வேறு. அண்ணன் கைமாற்று என்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர், யாரோ மேஜையில் பணத்தை வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள், இது ஆளுங்கட்சியின் சதி என்பார். நிருபர் மடக்கிக் கேட்டால் அண்ணனும் தலையாட்டுவார். பணம் வந்த விதத்துக்கு இரண்டு கதைகள் ஆகிவிட்டன. போலீஸ் காவலில் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தைச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. சுதந்திரமாக உட்கார்ந்து பத்து மைக்குகளுக்கு முன் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

போன் பதிவை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். வெட்டி ஒட்டியது என்று ஒரே நாளில் சொல்லிவிடுவார்கள். அதைவிட முக்கியம், புகார்தாரர் அதைக் கேட்டுவிட்டு, குறுக்கு விசாரணைக்குப் பதிலோடு வந்துவிடுவார். பதிவு செய்த அசல் போனை அப்படியே வைத்திருங்கள்; புதுப்பிக்கவோ விற்கவோ வேண்டாம். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யப் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் தேவை. எப்போது வெளியே எடுப்பது என்பதை வழக்கறிஞர் முடிவு செய்யட்டும்.

புகார்தாரரைப் பற்றியும் பேச வேண்டாம், அவரிடமும் பேச வேண்டாம். பிரஸ் மீட்டில் அவரை மோசடிக்காரர் என்று திட்டினால், சாட்சியை மிரட்டுகிறார் என்று ஜாமீனை ரத்து செய்ய மனுப் போடுவார்கள். பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். புகார்தாரர் பிறழ் சாட்சியானாலும் (முன்பு சொன்னதைக் கூண்டில் மாற்றிச் சொன்னாலும்), இறந்தே போனாலும், மற்றச் சாட்சியங்களை வைத்து வழக்கை நிரூபிக்கலாம் என்று அதே நீரஜ் தத்தா தீர்ப்பு சொல்கிறது.

அவதூறு வழக்கு கட்சிக்காரர்களுக்குப் பிடித்த ஆயுதம். செய்தித்தாளில் தலைப்பு வரும், அவ்வளவுதான். லஞ்சச் செய்திக்காக அண்ணன் வழக்குப் போட்டால், அவரே கூண்டில் ஏற வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 40,000 ரூபாயைப் பற்றி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பார். அந்தப் பதில்கள் ஊழல் வழக்கில் அரசு வழக்கறிஞரின் மேஜைக்குப் போகும். இப்போதைக்கு வேண்டாம். நஷ்ட ஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட ஓராண்டும், குற்ற வழக்குக்கு மூன்றாண்டும் காலவரம்பு உண்டு. அண்ணி விஷயம் வேறு. அவர் இந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவரே அல்ல. அவர் பெயரில், அந்தப் படத்தையும் பினாமிக் குற்றச்சாட்டையும் நீக்கக் கோரி இணையதளத்துக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும். சொத்து உண்மையில் யார் பணத்தில் வாங்கியது என்பதை மட்டும் அதற்கு முன் எனக்கு அல்ல, உங்கள் வழக்கறிஞருக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுங்கள்.

ஊருக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால், அச்சிட்ட தாளில் இரண்டே வரி: "என் மீதான குற்றச்சாட்டை மறுக்கிறேன். வழக்கு நிலுவையில் இருப்பதால் என் விளக்கத்தை நீதிமன்றத்தில் சொல்வேன்." கேள்விக்கு இடம் தராமல் கட்சி அலுவலகம் அதை அனுப்பிவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கட்சி ராஜினாமா கடிதம் கேட்கும். ராஜினாமா குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. ஆனால் வழக்குத் தொடர ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, அவரைப் பதவி நீக்கும் அதிகாரம் படைத்தவரிடம் முன் அனுமதி பெற வேண்டும். அவர் பதவியில் இருக்கிறாரா, விலகிவிட்டாரா என்பது அந்த அனுமதிக் கேள்வியைத் தொடும். மாவட்டச் செயலாளர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன் அதை வழக்கறிஞரிடம் காட்டச் சொல்லுங்கள்.