நல்லது செய்யத்தானே பதவி கேட்கிறோம், அதில் சோதனை எங்கே வந்தது?

கேள்வி: "சபையில் ஒரு பொறுப்புக்கு என்னை நிற்கச் சொல்கிறார்கள். கையில் பணமும் செல்வாக்கும் இருந்தால் ஊழியத்துக்கு எவ்வளவோ செய்யலாம். உலகப் பதவி, ஐசுவரியம் என்னும் சோதனையை விசுவாசி எதிர்க்க வேண்டும் என்று பிரசங்கம் செய்கிறார்களே, கடவுளே கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் என்ன தப்பு?"

பதில்:

வாங்கிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் "ஊழியத்துக்கு எவ்வளவோ செய்யலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயமெல்லாம் அந்த வரியில்தான். பணத்துக்கு ஆசைப்படுகிறவனுக்குத் தான் ஆசைப்படுவது தெரியும். நல்லது செய்ய ஆசைப்படுகிறவனுக்கு அது பெரும்பாலும் தெரிவதே இல்லை.

மத்தேயு 4-ஆம் அதிகாரத்தை இன்னொரு தடவை நிதானமாக வாசித்துப் பாருங்கள். நாற்பது நாள் உபவாசத்துக்குப் பிறகு பிசாசு இயேசுவை உயர்ந்த மலைக்குக் கொண்டுபோய், உலகத்தின் சகல ராஜ்யங்களையும் அவைகளின் மகிமையையும் காட்டுகிறான். இதைப் பேராசைக்கு எதிரான பாடமாகத்தான் ஓய்வுநாள் பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கலிலேயாவிலிருந்து வந்த ஒருவருக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் யோசியுங்கள். ரோமருக்கும் ஏரோதுக்கும் வரி கட்டியே நொந்துபோன சனம் அது. அதிகாரம் கைக்கு வந்தால் ஒரே உத்தரவில் வரியைக் குறைக்கலாம், பசித்தவனுக்குச் சாப்பாடு போடலாம், அநியாயத் தீர்ப்பை நிறுத்தலாம். சிலுவையே வேண்டாம். பிசாசு நீட்டியது ஆடம்பர வாழ்க்கையை மட்டும் அல்ல, நல்லது செய்யக் குறுக்குவழியையும்தான்.

இயேசு என்ன செய்தார்? ராஜ்யங்கள் கெட்டவை என்று சொல்லவில்லை. "கொடுக்க நீ யார்?" என்று வாதாடவும் இல்லை. "நீர் சாஷ்டாங்கமாய் விழுந்து, என்னைப் பணிந்துகொண்டால்" என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்த இடத்தை மட்டும் பார்த்து, கர்த்தர் ஒருவருக்கே ஆராதனை என்ற உபாகம வசனத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார். பொருளைப் பற்றிப் பேச்சே இல்லை, நிபந்தனையோடு முடிந்தது. நீங்களும் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

லூக்கா இன்னொன்றும் சொல்கிறார். பிசாசு "சிலகாலம்" விலகிப்போனானாம். திரும்பி வருவான் என்றுதானே அர்த்தம்? ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த அன்று ஜனங்களே அவரைப் பிடித்து ராஜாவாக்கப் பார்த்தார்கள். அவர் விலகித் தனியே மலைமேல் ஏறிப்போனார் என்று யோவான் எழுதுகிறார். அப்புறம் பேதுரு. பாடும் மரணமும் உமக்கு வேண்டாம் ஆண்டவரே என்று அவன் சொன்னது அன்பினால்தான். ஆனால் "எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே" என்கிற கடுமையான பேச்சை வாங்கிக்கொண்டதும் அவன்தான். சோதனை முக்கால்வாசி நமக்கு வேண்டியவர்கள் வாய்வழியாகவே வருகிறது.

ஊழியத்தின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குவதற்கு வேதத்திலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது, 2 இராஜாக்கள் 5. நாகமான் குஷ்டம் நீங்கிக் காணிக்கை கொடுத்தபோது எலிசா தொடவே இல்லை. வேலைக்காரன் கேயாசிக்கு மனசு கேட்கவில்லை, ரதத்துக்குப் பின்னாலேயே ஓடினான். ஓடிப்போய் எனக்குக் கொடுங்கள் என்றா கேட்டான்? எப்பிராயீம் மலைநாட்டிலிருந்து தீர்க்கதரிசிகளின் புத்திரரில் இரண்டு வாலிபர் வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று உடையும் வேண்டும் என்றான். இல்லாத இரண்டு ஊழியர்களைச் சொல்லி வாங்கிக்கொண்டான். நாகமான் சந்தோஷமாக இரண்டு தாலந்தாகவே கட்டிக்கொடுத்தான். இன்றைக்குச் சில ரசீதுப் புத்தகங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கேயாசி ஞாபகம்தான் வருகிறது.

சரி, இதெல்லாம் வேதத்தில் இருக்கிறது, நடைமுறையில் பதவி இல்லாமல் நல்லது செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். நம் மண்ணிலேயே வாழ்ந்த ஒருவரைச் சொல்கிறேன், தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயர்.

கிறிஸ்டியான் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ், 1726-இல் பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மன் மிஷனரி. ஹாலே நகரில் படித்துவிட்டு 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு திருச்சி, கடைசியில் தஞ்சாவூர். 1798-இல் சாகும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. திருச்சியில் பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறையில் இருந்தார். அவரும் அவர் கட்டிலும் மட்டுமே கொள்ளும், பலருக்கு அதில் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது. கறுப்புச் சாயம் ஏற்றிய பருத்தித் துணியில் உடுப்பு, இந்த ஊர்ப் பக்குவத்தில் சோறும் காய்கறியும். அப்போது அவரைப் பார்த்த ஓர் ஆங்கிலேயர் எழுதிவைத்தது இது.

1779-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசு அவரை ரகசியத் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு, மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் அனுப்பியது. கம்பெனியின் பேச்சை நம்பாத ஹைதர், அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்ற மாட்டார் என்று சொன்னதாக வரலாறு. புறப்படும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய்ப் பையைக் கொடுத்தனுப்பினார். செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது என்று இவர் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். கொண்டுவந்தவர்களோ, திருப்பினால் எங்கள் உயிருக்கே ஆபத்து என்றார்கள். வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்தவர் பையை அப்படியே அரசிடம் வைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படியானால் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு இதுவே முதல் காணிக்கையாக இருக்கட்டும் என்று ஒதுக்கிவிட்டார். யார் கொடுத்தது, எவ்வளவு, எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஆனால் இதோடு நிறுத்தினால் அவரைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். பணத்தில் அசையாத அந்த மனிதரின் நல்ல பெயரையே கம்பெனி கருவியாக எடுத்துக்கொண்டது. சமாதானம் பேசத்தான் போகிறோம் என்று அவர் போனார். அந்த 1779-இலேயே கம்பெனிப் படை, ஹைதர் தன் பாதுகாப்பில் இருப்பதாகச் சொன்ன பிரெஞ்சுத் துறைமுகம் மாஹேயைப் பிடித்திருந்தது. மறு வருஷமே ஹைதர் அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட ஆற்காட்டு நவாபின் சீமைக்குள் இறங்கினார், தஞ்சாவூர்ப் பக்கம் பஞ்சமே வந்தது. அவர் வரலாற்றில் எனக்கு மிகவும் உறுத்தும் இடம் இதுதான். லஞ்சத்தை மறுப்பது சுலபம், அது கையில் கனக்கும். "உங்களை விட்டால் இதற்கு ஆள் இல்லை" என்ற வார்த்தை கனக்காது. யார் வேலையை நாம் செய்து கொடுக்கிறோம் என்று அது யோசிக்க விடாது.

அந்தப் பஞ்சத்தில் நடந்ததைக் கேளுங்கள். தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் தீர்ந்துபோயிற்று. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது, ஆனால் ஏற்றிவர மாடு தர யாரும் தயாராக இல்லை. அதற்குமுன் மாட்டை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். ராஜா சொல்லியும் நம்பவில்லை, கம்பெனி அதிகாரிகள் சொல்லியும் நம்பவில்லை. கடைசியில், நம் எல்லோர் வாக்கும் செல்லாமல் போயிற்று, சுவார்ட்ஸ் சொன்னால் நம்புகிறார்களா பார்ப்போம் என்று ராஜாவே சொன்னாராம். கூலிக்கு நான் பொறுப்பு என்று ஐயர் சொல்லி அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன, 80,000 கலம் (கலம் என்பது பழைய நெல் அளவு) தானியம் கோட்டைக்குள் போயிற்று. சிம்மாசனமும் பட்டாளமும் இருந்தவர்களால் முடியாததை, நிமிர்ந்து நிற்க முடியாத அறையில் இருந்தவரின் சொல் செய்தது. பதவி இல்லாமல் என்ன செய்துவிட முடியும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அவர் எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே இருந்தவரும் இல்லை. தஞ்சை நிர்வாகத்தைச் சீர்செய்யக் கம்பெனி அமைத்த குழுவில் பின்னால் அவர் உறுப்பினராக இருந்தார். சேரும்போதே, பலாத்காரமான நடவடிக்கை எதிலும் எனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார். 1787-இல் சாகும் தறுவாயில் இருந்த துளஜா ராஜா, தத்தெடுத்த பிள்ளை சரபோஜியை அவர் கையிலேயே ஒப்படைக்கப் பார்த்தபோது, தனியாக அந்தப் பொறுப்பை ஏற்க மாட்டேன் என்றார். அது ராஜாவின் தம்பி அமர்சிங்கிடம் போயிற்று. பையனை அமர்சிங் நல்லபடி நடத்தவில்லை. சுவார்ட்ஸ் ஏற்றிருந்தால் அந்தப் பிள்ளை கஷ்டப்பட்டிருக்காதே என்று கேட்டால், நியாயமான கேள்வி, நான் தட்டிக்கழிக்க மாட்டேன். மறுப்பதற்கும் ஒரு விலை உண்டு, சில சமயம் அதை வேறு யாரோ கொடுக்கிறார்கள். ஆனாலும் ஒரு வெள்ளைக்கார குருவானவர் தஞ்சைக் கஜானாவைக் கையில் வைத்திருந்தால் அவர் கம்பெனியின் ஆளாகவே ஆகியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பதவி இல்லாமலே அவர் அந்தப் பையனுக்காகப் பேசிக்கொண்டே இருந்தார், சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைக்க ஏற்பாடு செய்தார். அந்தப் பையன்தான் பிறகு இரண்டாம் சரபோஜி மன்னர். சுவார்ட்ஸுக்குப் பளிங்கில் நினைவுச் சின்னம் செய்யச் சொல்லி லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் கேட்டவர் அவரே. கடைசிவரை கிறிஸ்தவராகாத ஒரு மன்னர், படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையைப் பிடித்தபடி நிற்பதை, தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா ஓரத்துச் சர்ச்சில் இன்றும் பார்க்கலாம்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். தெற்கே ஒரு சேகரத்தில், அதாவது சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், நான் கமிட்டியில் இருந்தேன். திருமண்டலத் தேர்தல் (பிஷப்பின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தல்) நெருங்கியபோது, சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரிந்த, நான் மதிக்கிற ஓர் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். எங்கள் அணியில் நில்லுங்கள் என்றார். "தம்பி, உங்கள மாதிரி ஆளு ஒதுங்கிப் போனா வேற எவனோ வந்து சுரண்டிட்டுப் போவான். பள்ளிக்கூடத்த நெனைச்சுப் பாருங்க." உண்மையைத்தான் சொன்னார். அந்தப் பள்ளிக்கூடத்தின் ஓட்டுக் கூரையும் ஒழுகுகிற வகுப்பறையும் எனக்குத் தெரியும். ஜெபமும் செய்தார். காப்பி குடித்து எழுந்திருக்கும்போது, "ஜெயிச்சு வந்தா அந்த ஒரு டீச்சர் போஸ்டிங் மட்டும் நான் சொல்ற ஆளுக்கு. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றார்.

என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "அண்ணாச்சி, அந்த வேலைக்கு மெரிட்டுல ஒரு பிள்ள காத்துக்கிட்டு இருக்குமே. அதோட அப்பா அம்மாவும் நம்ம கோயிலுக்குத்தானே வருவாங்க? அவங்க முகத்துல எப்படி முழிக்க?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். இவள் கேட்பதைத்தான் நானும் கேட்கிறேன் அண்ணாச்சி என்றேன். கோபப்படவில்லை, "யோசிச்சுச் சொல்லுங்க" என்று கிளம்பினார். நான் நிற்கவில்லை. அந்த அணிதான் ஜெயித்தது. அந்தப் போஸ்டிங் யாருக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். மறுத்தால் நல்லது நடக்கும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்றும் நான் கவனித்திருக்கிறேன். எதிர்க்கிற பலம் அந்த நிமிஷத்தில் வருவதில்லை, முன்னாலேயே இருக்க வேண்டும். காணிக்கையை இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அன்றே வங்கியில் கட்டுகிற சபையில் பொருளாளருக்குச் சோதனை பாதியாகக் குறைந்துவிடுகிறது. வீட்டில் கேள்வி கேட்கிற ஆள் இருந்தால் இன்னும் குறையும். ஜெபித்தால் போதும் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஜெபிக்கிறவரும் கணக்கு காட்டத்தான் வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு என் பதில்: நில்லுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களைக் கூப்பிட்டவர்களிடம் வேட்புமனு போடுவதற்கு முன்னாலேயே கேளுங்கள். தேர்தல் செலவு யார் பணம்? வண்டிக்கும் பிரியாணிக்கும் யார் கொடுக்கிறார்? ஜெயித்தபின் அவருக்கு என்ன திரும்ப வேண்டும்? வேலை நியமனத்தில் ஒருத்தர் பெயரைக்கூட நான் முன்கூட்டி ஒத்துக்கொள்ள மாட்டேன், வருஷக் கணக்கைச் சபை முன்னால் வாசிப்பேன் என்று நாலு பேர் எதிரில் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் "சரி, நில்லுங்க" என்று சொன்னால் தாராளமாக நில்லுங்கள். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று சொன்னால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.